'இந்தியா ஸ்டீல்' பொறித்த ஒரு ஷெஃபீல்ட் சவரக்கத்தி: நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு வந்தது ஒரு மடக்குச் சவரக்கத்தி. அகலமான, கனமான அலகு. கறுப்புப் பிடி. கூடவே ஓர் அட்டைப் பெட்டி. சென்னிமலைக்காரரான நண்பர் ஒருவர் அமெரிக்காவில் உள்ள பழம்பொருள் விற்பனையாளரிடம் இணையம் வழியாக வாங்கியது. விற்பனைக் குறிப்பில் நான்கு விஷயங்களை உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில் செய்தது, காலம் 1810 வாக்கில், கொம்புப் பிடியும் பெட்டியும் உட்பட முழுக்க அசல், இந்தியாவின் ஊட்ஸ் எஃகில் (தென்னிந்தியாவில் பழைய முறையில் காய்ச்சிய, வாள்களுக்குப் பேர்போன எஃகு) அடித்தது.

நண்பரை வாங்க வைத்தது நான்காவது வரிதான். கொடுமணல் அவர் ஊருக்குப் பக்கம். நொய்யல் கரையில் இரும்பும் எஃகும் உருக்கிய உலைகளைத் தோண்டி எடுத்த இடம் அது. அலகின் மேலேயே 'ஃபைன் இந்தியா ஸ்டீல்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதைப் படத்தில் பார்த்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கத்தி கைக்கு வந்த பிறகுதான் சந்தேகம் வந்தது. "அண்ணா, நாலுல எது நிசம்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்று கொடுத்துவிட்டுப் போனார்.

பழைய சவரக்கத்தியில் எங்கே செய்தது என்பது ஒரு கேள்வி, அசலா என்பது வேறு கேள்வி. அலகு சந்தேகமில்லாமல் ஷெஃபீல்டாக இருக்கலாம். பிடியை ஐம்பது வருடம் கழித்து வேறொரு கண்டத்தில் யாரோ மாட்டியிருக்கலாம். அலகு, பிடி, ஆணி, பிடியின் கடைசியில் இருக்கும் ஆப்பு, பெட்டி என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வயது உண்டு. ஒவ்வொன்றையும் தனியாக விசாரித்துவிட்டு, அவை சொல்லும் காலங்கள் ஒத்துப்போகின்றனவா என்று கடைசியில் பார்க்க வேண்டும். விற்பவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கவர்ச்சியான ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்குத் தோதாகப் படிக்கிறார்கள். இந்தக் கத்திக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

கழுத்தும் முத்திரையும்

முதலில் பார்க்க வேண்டிய இடம் அலகுக்கும் வாலுக்கும் (விரல் வைத்துத் திறக்கும் பின்முனை) நடுவே இருக்கும் தடித்த கழுத்துப் பகுதி. செய்தவர் பெயர் அங்கேதான் இருக்கும். இதில் ஒரு பக்கம் 'வேட் & புட்சர்', கீழே 'ஷெஃபீல்ட்'. மறுபக்கம் பி எழுத்து, அம்பு, சிலுவை.

வில்லியம் புட்சர், சாமுவேல் புட்சர் என்ற சகோதரர்களின் தொழிற்சாலை இது. அவர்களுடைய சரக்கை நியூயார்க்கில் விற்றுக் கொடுத்த முகவர் வேட். அமெரிக்கச் சந்தையைக் குறிவைத்தே இந்த இரட்டைப் பெயர் புழக்கத்துக்கு வந்தது. ஆகவே இந்தக் கத்தி அமெரிக்காவில் கிடைத்தது இயல்பு. 19ஆம் நூற்றாண்டில் அங்கே போய்க் குவிந்த ஷெஃபீல்ட் சவரக்கத்திகளில் இந்தப் பெயருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெயர் சரியாக இருந்தால் போதாது, அது எப்படிப் பதிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். அந்தக் காலத்தில் எஃகைக் கடினப்படுத்துவதற்கு முன்பே, அது மிருதுவாக இருக்கும்போது, இரும்பு அச்சை வைத்துச் சுத்தியலால் அடித்துவிடுவார்கள். கையால் அடிப்பதால் அச்சு கொஞ்சம் சாயும். இதில் 'வேட்' பக்கம் ஆழமாகவும் 'புட்சர்' முடியும் இடம் லேசாகவும் இருக்கிறது. லென்ஸில் பார்த்தால் எழுத்தின் ஓரங்களில் எஃகு மிக லேசாக மேலே பிதுங்கி, பிறகு நூறு வருடத் தேய்மானத்தில் மழுங்கியிருக்கிறது. எழுத்துக் குழியின் அடியில் பழைய கறுப்பு அப்படியே படிந்திருக்கிறது. இன்றைக்கு லேசரில் பொறித்துவிடும் பழைய பெயர்களில் இதெல்லாம் இருக்காது. ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருக்கும், அடித்தளம் கருகியதுபோல் தட்டையாக இருக்கும். இங்கே அந்தச் சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் 'ஷெஃபீல்ட்' என்ற சொல்லை மட்டும் பார்த்து நம்பிவிடக் கூடாது. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்த கத்திகளில் ஷெஃபீல்ட் பெயரை அடித்து விற்ற வழக்கம் ஒரு காலத்தில் பெரிய தொல்லையாக இருந்தது. பிரிட்டன் 1887இல் வணிக முத்திரைச் சட்டம் கொண்டுவந்ததற்கு ஷெஃபீல்ட் கத்திக்காரர்களின் புகார்களும் ஒரு முக்கியக் காரணம். ('மேட் இன் ஜெர்மனி' என்ற அடையாளம் அந்தச் சட்டத்தால்தான் பரவியது. மட்டச் சரக்கு என்று காட்டிக்கொடுக்க வைத்த அடையாளம், கொஞ்ச காலத்திலேயே தரத்தின் அடையாளமாக மாறிவிட்டது.) பிறகு சோலிங்கன் தன் பெயரைத் தானே காக்க வேண்டிய நிலைமை வந்து, 1938இல் அதற்கென்று ஜெர்மனியில் தனிச் சட்டம் போட்டார்கள். இன்றுவரை அந்த ஊர்ப் பெயரைக் கண்டவர்கள் போட்டுக்கொள்ள முடியாது.

அதனால் ஊர்ப் பெயரோடு வேலைப்பாடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இந்த அலகு முதுகில் நல்ல தடிமன். பக்கங்கள் இரண்டும் லேசாக மட்டுமே குழிந்து, கிட்டத்தட்ட ஆப்பு வடிவில் வாய்வரை இறங்குகின்றன. ஷெஃபீல்டின் 19ஆம் நூற்றாண்டு நடுப்பகுதி வேலை அப்படித்தான் இருக்கும். காகிதம் மாதிரி மெல்லியதாக, நகத்தை வைத்து அழுத்தினால் வாய் வளைந்து கொடுக்கும் அளவுக்குக் குழித்துச் சாணை பிடித்தவை பின்னால் வந்தவை. அதில் பெயர் வாங்கியது சோலிங்கன். முத்திரையும் சாணையும் ஒரே ஊரைச் சொல்வதால், முதல் கூற்று நிற்கிறது: அலகு ஷெஃபீல்ட்.

1810 ஏன் பொருந்தவில்லை

18ஆம் நூற்றாண்டுச் சவரக்கத்திகளுக்கு வால் கிடையாது, அல்லது வெறும் முளை மாதிரிக் குட்டையாக இருக்கும். விரல் வைத்துத் திறக்க வசதியாக வால் நீண்டு வளையத் தொடங்கியது 1800ஐ ஒட்டித்தான். இந்தக் கத்தியின் வால் நீண்டு, தடித்து, அழகாக மேலே வளைகிறது. அலகு தொடங்கும் இடத்தில் தெளிவான தோள் வெட்டு இருக்கிறது. கழுத்தின் அடியில் விரல் வழுக்காமலிருக்க அரத்தால் கீறிய வரிகள் உள்ளன. அலகின் அகலம் இப்போதே 7/8 அங்குலம். இவற்றில் ஏதாவது ஒன்று மட்டும் இருந்தால் 1810 என்று வாதாடிப் பார்க்கலாம். எல்லாம் சேர்ந்து வரும்போது 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வந்தே ஆக வேண்டும்.

மேல் எல்லையைச் சொல்வது இல்லாத ஒரு சொல். முத்திரையில் 'இங்கிலாந்து' இல்லை. அமெரிக்காவின் மெக்கின்லி சுங்கச் சட்டம் 1890இல் வந்தது. 1891 மார்ச் முதல் இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று போட்டாக வேண்டும் என்றாகிவிட்டது. பழைய கத்தி சேர்ப்பவர்கள் எல்லோரும் பயன்படுத்தும் அளவுகோல் இது. ஆனால் அளவுக்கு மீறியும் இதைப் பயன்படுத்துகிறார்கள். அமெரிக்கச் சட்டம் அமெரிக்காவுக்குப் போன சரக்கைத்தான் கட்டுப்படுத்தியது. உள்ளூரிலோ வேறு நாடுகளிலோ விற்ற ஷெஃபீல்ட் கத்தியில் 1891க்குப் பிறகும் 'இங்கிலாந்து' இல்லாமல் இருக்கலாம். இந்தக் கத்தியின் பெயரே அமெரிக்கச் சந்தைக்கானது, கிடைத்ததும் அமெரிக்காவில். அதனால் இங்கே அந்த அளவுகோலை நம்பி வைக்கலாம்.

ஆக, அலகு சுமார் 1840க்கும் 1890க்கும் இடையில். இதைவிடக் குறுக்கிச் சொல்ல இந்தக் கத்தியில் சான்று இல்லை. ஒற்றை ஆண்டைத் துல்லியமாகச் சொல்லும் விற்பனைக் குறிப்பைக் கண்டால் எனக்கு முதலில் வருவது சந்தேகம்தான். அரசரின் முதலெழுத்தும் கிரீடமும் அடித்த கத்திகளில்கூட ஓர் ஆட்சிக்காலம்தான் கிடைக்கும். 'டபிள்யூ ஆர்' என்று இருந்தால் நான்காம் வில்லியம் ஆண்ட 1830 முதல் 1837 வரை என்று சொல்லலாம், அவ்வளவுதான். அதுவே இந்தத் துறையில் பெரிய அதிர்ஷ்டம்.

பிடி

விற்பனைக் குறிப்பில் மிகவும் பலவீனமான வார்த்தை 'கொம்பு'. பார்வைக்குக் கறுப்பாக, வழவழப்பாக, எருமைக் கொம்பு போலவே இருக்கிறது. எனக்கு முதலில் உறுத்தியது பிடி அல்ல, அலகில் இருந்த துரு. மூடி வைத்தால் பிடிக்குள் மறையும் பகுதியில் மட்டும் துரு கொத்துக் கொத்தாக அரித்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கழுத்தும் வாலும் சுத்தம். ஈரத்தில் கிடந்த கத்தி இப்படித் துருப்பிடிக்காது. அப்படியென்றால் வாலும் சேர்ந்து போயிருக்கும். பிடிக்குள்ளிருந்தே ஏதோ ஒன்று எஃகைத் தின்றிருக்கிறது. அடுத்துப் பித்தளை ஆணிகளைப் பார்த்தேன். தலையைச் சுற்றிப் பச்சைக் களிம்பு.

இரண்டும் சேர்ந்தால் செல்லுலாய்டு. பிடியைத் துணியால் வேகமாகத் தேய்த்துச் சூடேறியதும் முகர்ந்தேன். சூடம் வாசனை குப்பென்று வந்தது. நம் வீட்டுப் பூஜை அறையில் பழகிய மூக்குக்கு இது தவறவே தவறாது. செல்லுலாய்டு என்பது நைட்ரேட் ஏற்றிய செல்லுலோஸோடு கற்பூரம் கலந்து செய்த பொருள். காலப்போக்கில் அது தானாகவே சிதைந்து அமிலப் புகையைக் கக்கும். அந்தப் புகைதான் எஃகையும் பித்தளையையும் அரிக்கிறது. அமெரிக்காவில் ஹையட் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1870இல். சவரக்கத்திப் பிடிகளில் பரவியது அதற்கும் பிறகு.

இந்தச் சோதனையைச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிப் பிடியில் குத்திப் பார்க்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கொம்பு என்றால் மயிர் கருகும் நாற்றம் வரும் என்பது உண்மைதான். ஆனால் கையில் இருப்பது செல்லுலாய்டாக இருந்தால் அது குபீரென்று பற்றிக்கொள்ளும். தேய்த்து முகர்ந்தாலே போதும். டார்ச் வெளிச்சத்தை ஓரத்தில் பிடித்துப் பார்ப்பதும் நல்ல வழி. கொம்பாக இருந்தால் ஓரம் பழுப்பாகக் கசிந்து, நாரோட்டம் ஒழுங்கில்லாமல் தெரியும். பூச்சி அரித்த சிறு பள்ளங்களும் பல சமயம் இருக்கும். வெள்ளைப் பிடியாக இருந்து தந்தம் என்றார்கள் என்றால் குறுக்குவெட்டைப் பார்க்க வேண்டும். யானைத் தந்தத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் இருக்கும். செல்லுலாய்டுப் போலியில் இணைகோடுகள் மட்டுமே இருக்கும். உண்மையான தந்தம் என்று தெரிந்தால் இந்தியாவில் அதை வாங்கவோ விற்கவோ சட்டம் இடம் தருவதில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சரி, அலகே 1870க்குப் பிந்தையதாக இருந்து, செல்லுலாய்டுப் பிடி தொழிற்சாலையிலேயே மாட்டியதாக இருக்கக் கூடாதா? இருக்கலாம். அதனால் பொருளைக் கண்டுபிடித்ததோடு நிறுத்த முடியாது. பிடியும் அலகும் சேர்ந்து வாழ்ந்த தடயம் வேண்டும்.

அது ஆணி ஓட்டையில் கிடைத்தது. அலகின் கழுத்தில் உள்ள ஓட்டை, பல வருடம் திறந்து மூடிய அழுத்தத்தில் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது. பிடியின் ஓட்டையோ வட்டம் மாறாமல் இருக்கிறது. எஃகே தேயும் அளவுக்கு உழைத்த மூட்டில் செல்லுலாய்டு மட்டும் தேயாமல் இருக்க முடியாது. இந்த அலகு தன் உழைப்பின் பெரும்பகுதியை வேறொரு பிடியில் முடித்துவிட்டு இதற்குள் வந்திருக்கிறது. கழுத்தின் பக்கவாட்டில் ஒரு மங்கிய கறைக்கோடும் உண்டு. பழைய பிடியின் ஓரம் எஃகில் படிந்த அடையாளம் அது. இப்போதைய பிடியின் வளைவோடு அது ஒட்டவில்லை, அரை விரற்கடை தள்ளி வேறு திசையில் போகிறது. ஷெஃபீல்டில் கொம்புப் பிடிகளுக்குக் கடைசியில் ஈய ஆப்பு வைப்பது வழக்கம், கையில் எடுத்தாலே அந்தக் கனம் தெரியும். இதில் இருப்பது பிடியின் அதே பொருளில் செய்த லேசான ஆப்பு. பிடி மாற்றியது என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. கொம்பு உடைந்தால் கத்தியை எறிந்துவிடாமல் புதுப் பிடி போட்டுக்கொண்டு தொழிலைத் தொடர்ந்த ஒரு நாவிதர் அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம். மாற்றியதை அசல் என்று எழுதி விற்றதுதான் தவறு.

பெட்டிக்கு இத்தனை நேரம் தேவைப்படவில்லை. சவப்பெட்டி வடிவ அட்டைப் பெட்டி, மேலே ஒட்டிய காகிதத்தில் 'ஷெஃபீல்ட், இங்கிலாந்து' என்று இருக்கிறது. கத்தியில் இல்லாத நாடு பெட்டியில் இருக்கிறது. உள்ளே படிந்திருக்கும் தேய்மானத் தடம் இதைவிடக் குறுகிய ஒரு கத்தியினுடையது. வேறு கத்தியின் பெட்டி.

பொறிப்பு

அலகின் முகத்தில் உள்ள 'ஃபைன் இந்தியா ஸ்டீல்' அமிலத்தால் பொறித்தது. கழுத்து முத்திரையைப் போல் அடித்தது அல்ல. அமிலப் பொறிப்பைப் பின்னாளில் யாரும் சேர்க்கலாம். வேட் & புட்சர் கத்திகளில் இந்த வாசகம் உண்மையாகவே வழங்கியது என்றாலும், இந்தக் கத்தியில் இருப்பது பழையதா என்பதைத் தனியாகத்தான் பார்க்க வேண்டும். வழி எளிது. எழுத்தின் மேல் துருக்குழி விழுந்திருக்கும் இடத்தை லென்ஸில் பார்க்க வேண்டும். கோடு குழிக்குள் இறங்கி ஏறினால் துருவுக்குப் பிறகு பொறித்தது. குழி கோட்டைத் தின்றிருந்தால் கோடு முந்தியது. இங்கே 'ஸ்டீல்' என்ற சொல்லின் நடுவே ஒரு குழி இரண்டு எழுத்துகளைக் கடித்து வைத்திருக்கிறது. அதன் சரிவுகளில் கோட்டின் சுவடே இல்லை. பொறிப்பு பழையது.

பொறிப்பைச் சுற்றியுள்ள சட்டத்தின் கீழ்க்கோடு முனைப் பக்கம் இல்லை. தீட்டித் தீட்டி அலகின் அகலம் குறைந்து, பிறகு மெருகேற்றியபோது அதுவும் போயிருக்கிறது. புதிதில் இது ஓர் அங்குலத்தைத் தொட்டிருக்கும்.

நம் எஃகா?

நண்பர் காத்திருந்த கேள்வி இதுதான். கதையின் பாதி உண்மை என்பதால் இதை அவசரமாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை.

பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் அனுப்பிய ஊட்ஸ் கட்டிகள் லண்டனில் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் தலைவர் ஜோசப் பேங்க்ஸின் கைக்குப் போனது 1790களின் நடுவில். மருத்துவரும் வேதியியலாளருமான ஜார்ஜ் பியர்சன் அதை ஆராய்ந்து 1795இல் அந்தக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். லண்டன் கத்திக்காரர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் அந்த எஃகில் வேலை செய்து பார்த்துப் புகழ்ந்தார். பிறகு அவரும் மைக்கேல் ஃபாரடேயும் சேர்ந்து ஊட்ஸின் ரகசியத்தைத் தேடி எஃகோடு பல உலோகங்களைக் கலந்து பார்த்து 1820லும் 1822லும் முடிவுகளை வெளியிட்டார்கள். 500இல் ஒரு பங்கு வெள்ளி கலந்த எஃகு சிறப்பாக இருந்தது என்றார்கள். ஷெஃபீல்ட் கத்திகளில் 'சில்வர் ஸ்டீல்' என்ற பொறிப்பு பெருகியதற்கு இந்தப் புகழ்தான் பின்னணி. 'இந்தியா ஸ்டீல்' அதே வரிசையில் வருகிறது. வாங்குபவரின் காதில் நல்ல எஃகு என்று ஒலிக்கும் பெயர்.

கொடுமணலிலும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மேல்சிறுவளூரிலும் மூசையில் (உலோகம் உருக்கும் மண் குவளை) எஃகு காய்ச்சியதற்குத் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்தப் பெருமை தன் காலில் நிற்கும், அதற்கு இந்தக் கத்தி சாட்சி சொல்ல வேண்டியதில்லை. ஷெஃபீல்டுக்கும் தனி மூசை முறை இருந்தது. 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் கொண்டுவந்தது அது. அதற்குப் பெரும்பாலும் ஸ்வீடன் இரும்பைத்தான் வாங்கினார்கள்.

ஆனால் தமிழ்நாட்டோடு ஒரு நிஜமான தொடர்பும் உண்டு, விற்பனையாளருக்கு அது தெரிந்திருக்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நிர்வாகத்தில் வேலை பார்த்த ஜோசையா மார்ஷல் ஹீத் 1830 வாக்கில் பரங்கிப்பேட்டையில் இரும்பு ஆலை தொடங்கினார். அங்கே வடித்த இரும்பு இங்கிலாந்துக்கும் போனது. அதே ஹீத் பிறகு ஷெஃபீல்டுக்குப் போய், மூசை எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலுக்கே அது பெரிய லாபம். அவருக்குக் கிடைத்ததோ வழக்குதான். அவர் இறந்த பிறகும் அது நடந்து, தோல்வியில் முடிந்தது. நூற்றாண்டின் நடுவில் ஷெஃபீல்டில் செய்த ஒரு கத்தியில் பரங்கிப்பேட்டை இரும்பு கலந்திருக்க வாய்ப்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இந்தக் கத்தியில் கலந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வழியில்லை. ஊட்ஸ் வாள்களில் தெரியும் நீரோட்டக் கோலம் குறைந்த சூட்டில் பொறுமையாக அடித்தால்தான் நிற்கும். அதிகச் சூட்டில் அடித்தால் எஃகு ஊட்ஸாகவே இருந்தாலும் கோலம் கலைந்துவிடும். ஆகவே கோலம் இல்லை என்பது எதையும் மறுக்காது. நகைக்கடையில் தங்கம் பார்க்கும் எக்ஸ்ரே கருவியில் வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். கார்பனை அது காட்டாது. கார்பனை அளக்கும் கருவி எஃகில் சுட்ட தழும்பை விட்டுப்போகும். ஒரு வாசகத்தைச் சரிபார்ப்பதற்காக நூற்றைம்பது வருட அலகில் தழும்பு போட நான் சம்மதிக்கவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. நான்காவது கூற்றுக்கு நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: வாசகம் அசல், அது விற்பனைக்காக எழுதிய வாசகம், ஊட்ஸ் என்பதற்குச் சான்று இல்லை.

பிறகு செய்தது

படங்களோடு நண்பர் விற்பனையாளருக்கு எழுதினார். பிடியையும் பெட்டியையும் அவர் ஒப்புக்கொண்டு பணத்தில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பினார். கத்தியை நண்பர் வைத்துக்கொண்டார்.

செல்லுலாய்டுப் பிடியை அலகோடு விட்டு வைக்க முடியாது, புகை நிற்காது. ஆணித் தலைகளை மெல்லத் துளைத்துக் கழற்றினோம். அந்தப் பிடியும் இந்தக் கத்தியின் வரலாறுதான் என்பதால் எறியவில்லை. காற்றுப் புகும் காகித உறையில், மற்றக் கத்திகளுக்குத் தூரமாக வைத்தாயிற்று. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் சிதைவு இன்னும் வேகமாகும். துருவை எண்ணெய் ஊறவைத்துத் துடைத்ததோடு விட்டோம். கண்ணாடிபோல் மெருகேற்றினால் பொறிப்பும் முத்திரையும் போய்விடும், அவை இரண்டும்தான் இந்தக் கத்தியின் சாட்சிகள்.

பிடி கழன்றதும், வெளியே அரைகுறையாகத் தெரிந்த கறைக்கோடு கழுத்தில் முழுசாகத் தெரிந்தது. அதன் வளைவை டிரேசிங் தாளில் எடுத்திருக்கிறோம். எருமைக் கொம்பில் புதுப் பிடி அந்தக் கோட்டை ஒட்டியே வரப்போகிறது, ஈய ஆப்போடு. உட்பக்கத்தில், கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில், செய்த ஆண்டைச் செதுக்கச் சொல்லியிருக்கிறேன்.